ரெக்கார்டில் பெயர், திரையில் முகம்



ஜாஸ் இசையைத் தொடங்கிவைத்தவர் யார் என்று கேட்டால் பலரும் முதலில் சொல்லும் பெயர் பட்டி போல்டன். நியூ ஆர்லியன்ஸ்காரர், கார்னெட் வாசித்தவர். அவர் ஊதினால் ஊரின் மறுகோடிவரை கேட்கும் என்று கூட வாசித்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். 1907இல் அவரை மனநோய் மருத்துவமனையில் சேர்த்தார்கள். 1931இல் அங்கேயே இறந்தார். அவர் வாசித்த ஒரு சுரம்கூட இன்று நம் காதுக்குக் கிடைக்காது. ஒருமுறை மெழுகு உருளையில் பதிவு செய்ததாக அவர் குழுவில் டிராம்போன் வாசித்த வில்லி கார்னிஷ் சொன்னார். அந்த ஒரு சொல்லை நம்பிப் பலர் காலமெல்லாம் தேடினார்கள். உருளை அகப்படவே இல்லை. மிஞ்சியிருப்பது ஒரே ஒரு புகைப்படம்.

ஜாஸ் ரெக்கார்டு சேர்ப்பவர் எவரும் இந்தப் போல்டனைக் கடந்துதான் போக வேண்டும். ஜாஸ் வாசிக்கும் அந்த நேரத்திலேயே பிறந்து அப்போதே முடிந்துபோகிற இசை. கச்சேரியில் நிரவலும் கற்பனாஸ்வரமும் கேட்டுப் பழகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மெட்டைக் காகிதத்தில் எழுதி வைக்கலாம். அன்றைக்கு அந்த மேடையில் அந்த மனிதர் அந்த மெட்டை என்ன செய்தார் என்பதை எழுதி வைக்க முடியாது. பதிவு இருந்தால்தான் அது இருக்கும். ஆகவே ஜாஸின் வரலாறு என்று நாம் படிப்பதில் பெரும்பகுதி ரெக்கார்டுகளின் வரலாறு. யாரை ஸ்டூடியோவுக்குள் விட்டார்கள், யாரை விடவில்லை என்பதன் வரலாறும் அதுவே.

முதல் ஜாஸ் ரெக்கார்டு வெளிவந்தது 1917இல். பிப்ரவரி 26ஆம் தேதி நியூயார்க்கில் விக்டர் கம்பெனி பதிவு செய்தது. வாசித்தவர்கள் ஒரிஜினல் டிக்ஸிலேண்ட் ஜாஸ் பேண்ட் என்ற குழுவினர். நியூ ஆர்லியன்ஸிலிருந்து வந்த ஐந்து வெள்ளைக்காரர்கள். கறுப்பின மக்களின் தெருக்களிலும் ஊர்வலங்களிலும் நடன விடுதிகளிலும் வளர்ந்த இசை, முதன்முதலில் ரெக்கார்டில் ஏறியபோது அந்த மக்களில் ஒருவர்கூட அதில் இல்லை. நியூ ஆர்லியன்ஸின் கறுப்பினக் குழு ஒன்று பதிவாவதற்கு இன்னும் ஐந்து ஆண்டுகள் பிடித்தன. கிட் ஓரியின் குழு 1922இல் லாஸ் ஏஞ்சலிஸில் பதிவு செய்தது. அந்த ஐந்து ஆண்டுகளில் நாம் இழந்தது எவ்வளவு என்று கணக்குப் பார்க்க வழியே இல்லை.

அதற்கு அடுத்த ஆண்டு, 1923 ஏப்ரல். இண்டியானா மாநிலத்தில் ரிச்மண்ட் என்ற சிற்றூர். அங்கே ஸ்டார் பியானோ கம்பெனி ஜெனெட் என்ற பெயரில் ரெக்கார்டு போட்டுக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே ரயில் பாதை. ரயில் வந்தால் பதிவை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். அந்த அறைக்குச் சிகாகோவிலிருந்து வந்து சேர்ந்தது கிங் ஆலிவரின் கிரியோல் ஜாஸ் பேண்ட். இரண்டாவது கார்னெட் இருபத்தொரு வயது லூயி ஆம்ஸ்ட்ராங். மைக் வராத காலம். சுவரில் பதித்த ஒரு பெரிய தகரப் புனலின் முன்னால் எல்லோரும் நின்று வாசிக்க வேண்டும். அந்த ஒலியின் அதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் கோடு கீறும். ஆம்ஸ்ட்ராங்கின் ஒலி குருநாதரின் ஒலியை அமுக்கிவிட்டதால் அவரை மட்டும் தள்ளி, அறையின் ஓரமாக நிற்கவைத்தார்களாம். குழுவில் பியானோ வாசித்தவரும் பின்னாளில் ஆம்ஸ்ட்ராங்கின் மனைவியானவருமான லில் ஹார்டின் இதைச் சொல்லியிருக்கிறார்.

அந்த அறையில் இன்னொன்றும் நடந்தது. பெரிய டிரம்மை அடித்தால் ஊசி துள்ளிவிடும். அதனால் பேபி டாட்ஸ் என்ற அற்புதமான டிரம்மர் மரக்கட்டைகளைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாஸ் வாசிக்கும் பில் ஜான்சன் கையில் பாஞ்சோவைக் கொடுத்தார்கள். அந்த ரெக்கார்டைக் கேட்டு “அந்தக் காலத்து ஜாஸில் டிரம்ஸ் இவ்வளவுதான் போலிருக்கிறது” என்று முடிவு கட்டுபவர், டாட்ஸின் கையைக் கட்டிப்போட்ட தகரப் புனலைத்தான் கேட்டிருக்கிறார். ரெக்கார்டைச் சாட்சியாகக் கூப்பிடலாம். ஆனால் அந்தச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யத் தெரிய வேண்டும். இன்னொரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். அதே ஜெனெட் ஆலை அந்த ஆண்டுகளில் கூலிக்குக் கூ கிளக்ஸ் கிளானின் பாடல்களையும் ரெக்கார்டாக அச்சடித்துக் கொடுத்தது. ஆம்ஸ்ட்ராங்கின் முதல் ஒலியும், அவரைப் போன்றவர்களை மரத்தில் தொங்கவிட்ட கூட்டத்தின் பாட்டும் ஒரே கட்டடத்திலிருந்து வெளியே போயின.

அந்தத் தட்டு எதனால் ஆனது? அரக்கு. சோட்டா நாக்பூர் காடுகளில் பூத்துச் சிவந்து நிற்கும் பலாச மரத்திலும் குசும மரத்திலும் சிறு பூச்சிகள் சுரக்கும் பிசின். அதைக் கிளையிலிருந்து சுரண்டி, உருக்கி, மெல்லிய தகடாக்கி, கல்கத்தாத் துறைமுகம் வழியாக உலகத்துக்கெல்லாம் அனுப்பினார்கள். அதோடு கல்மாவைக் கலந்து அழுத்தினால் ரெக்கார்டு. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடம் ஓடும். நம் வித்வான்கள் ராகத்தைச் சுருக்கியதும் அந்த மூன்று நிமிடத்துக்காகத்தான், ஜாஸ் இசையமைப்பாளர் டியூக் எலிங்டன் தன் இசையைச் செதுக்கியதும் அதற்காகத்தான்.

கல்கத்தா என்றதும் டெடி வெதர்ஃபோர்டைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1926இல் சிகாகோவில் எர்ஸ்கின் டேட்டின் குழு பதிவு செய்த ரெக்கார்டில் ஆம்ஸ்ட்ராங்கோடு சேர்ந்து பியானோ வாசித்தவர். பிறகு கீழ்த்திசைக்குப் புறப்பட்டு ஷாங்காய், பம்பாய் தாஜ் ஹோட்டல் என்று வாசித்து, கடைசியில் கல்கத்தாவில் தங்கிவிட்டார். அங்கே தம் குழுவோடு பல ரெக்கார்டுகள் போட்டார். 1945இல் காலரா கண்டு அந்த ஊரிலேயே இறந்தார். கல்கத்தா ஃப்ரீ ஸ்கூல் தெருவின் பழைய ரெக்கார்டு கடைகளில் தூசியைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்தால், இப்படிப்பட்டவர்கள் நம் மண்ணில் வாசித்துவிட்டுப் போன தடயம் கையில் தட்டுப்படும். தட்டின் ஓரம் உடைந்திருந்தால் உள்ளே பாருங்கள், பளபளப்பெல்லாம் மேலேதான். உள்ளே பொரபொரவென்று கல்லும் மண்ணுமாக இருக்கும்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். பழைய ரெக்கார்டின் லேபிளைக் கையில் எடுத்துப் பாருங்கள். பாட்டின் பெயர், எழுதியவர் பெயர், குழுத் தலைவரின் பெயர், வரிசை எண். அவ்வளவுதான். கிளாரினெட் யார்? டிரம்மர் யார்? இருபது விநாடிக்குள் உலகத்தைத் திறந்து காட்டிவிட்டு மறைந்துபோன அந்த டிராம்போன்காரர் யார்? கம்பெனிக்கு அது தேவைப்படவில்லை. கூலி கொடுத்தாயிற்று, கணக்கு முடிந்தது.

அந்தப் பெயர்களைத் தேடிக் கண்டுபிடித்தவர்கள் சேகரிப்பாளர்கள். பாரிஸில் சார்லஸ் டெலோனே என்ற இளைஞர். ராபர்ட், சோனியா டெலோனே என்ற பெயர்பெற்ற ஓவியத் தம்பதியின் மகன். அமெரிக்காவிலிருந்து வந்த ரெக்கார்டுகளை ஒவ்வொன்றாகக் கேட்டு, வருகிற இசைக்கலைஞர்களிடமெல்லாம் விசாரித்து, எந்தப் பதிவில் எந்த நாளில் யார் என்ன வாசித்தார் என்று தொகுத்து 1936இல் ஒரு நூலாக வெளியிட்டார். ஜாஸ் ரெக்கார்டுகளுக்கு அப்படி ஒரு முறையான பட்டியல் வந்தது அப்போதுதான். பிறந்த நாட்டிலேயே கேட்பாரற்றுக் கிடந்த பெயர்களுக்குக் கடல் கடந்து ஒருவர் கணக்கு எழுதினார்.

நியூயார்க்கில் மில்ட் கேப்ளர் அதே வேலையை வேறு வழியில் செய்தார். நாற்பத்திரண்டாம் தெருவில் அவர் குடும்பத்துக்கு ஒரு ரேடியோக் கடை. அதை ரெக்கார்டு கடையாக்கினார். கம்பெனிகள் கைவிட்ட பழைய ஜாஸ் ரெக்கார்டுகளை அவர்களிடமே காசு கொடுத்து மறுபடி அச்சடிக்கச் செய்தார். அப்படி அச்சடித்தபோது லேபிளில் வாசித்த ஒவ்வொருவர் பெயரையும், அவர் வாசித்த வாத்தியத்தையும் போட்டார். பெரிய கம்பெனிகளுக்குத் தோன்றாத அந்த மரியாதை ஒரு கடைக்காரருக்குத் தோன்றியது. 1938இல் கமடோர் என்று தம் கடையின் பெயரிலேயே சொந்தமாக ரெக்கார்டு போடத் தொடங்கினார். அடுத்த ஆண்டு, கறுப்பினத்தவரை மரத்தில் தூக்கிலிடும் கொடுமையைப் பற்றிய ‘ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்’ பாடலை பில்லி ஹாலிடே பாடிப் பதிவு செய்ய விரும்பினார். அவருடைய கம்பெனியான கொலம்பியா மறுத்துவிட்டது. 1939 ஏப்ரல் 20ஆம் தேதி கேப்ளர்தான் அதைப் பதிவு செய்தார். தட்டின் மறுபக்கத்தில் ‘ஃபைன் அண்ட் மெல்லோ’ என்று பில்லி ஹாலிடேயின் சொந்தப் பாட்டு. அந்த மறுபக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரெக்கார்டு சேர்ப்பதை முதலீடாகப் பார்க்கும் வழக்கம் இன்று பெருகிவிட்டது. ப்ளூ நோட் கம்பெனியின் எல்பி கையில் கிடைத்தால், லேபிளில் அச்சான முகவரி லெக்சிங்டன் அவென்யூவா, மேற்கு 63ஆம் தெருவா என்று பார்ப்பார்கள். முகவரியை வைத்து எந்தக் காலத்து அச்சு என்று சொல்லிவிடலாம். பாட்டு முடிந்தபின் லேபிளுக்கு முன்னால் வெறுமையாக ஒரு வளையம் இருக்குமே, அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ரூடி வான் கெல்டரின் முதலெழுத்துகள் கீறியிருக்கும். நியூ ஜெர்சியில் பெற்றோர் வீட்டுக் கூடத்தையே ஸ்டூடியோவாக்கி ப்ளூ நோட்டின் மிகச் சிறந்த பதிவுகளைச் செய்தவர் அவர். அந்தக் கீறலைத் தேடுவதில் எனக்கும் ஆசை உண்டு. ஆனால் அந்த எழுத்து இருப்பதால் விலை ஏறும் என்று மட்டும் தெரிந்து, உள்ளே பியானோ வாசித்தவர் யார் என்று தெரியாமல் உறைபிரிக்காமல் அடுக்கி வைப்பவரை என்னால் சேகரிப்பாளர் என்று ஏற்க முடியவில்லை.

இனி சினிமா. ஜாஸுக்கும் சினிமாவுக்கும் உறவு, படம் பேசுவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. எர்ஸ்கின் டேட் என்று சற்று முன் சொன்னேனே, அவர் குழு வாசித்தது சிகாகோவின் வெண்டோம் தியேட்டரில். மௌனப் படம் ஓடும்போது திரைக்கு முன்னால் உட்கார்ந்து வாசிக்கும் வேலை. ஆம்ஸ்ட்ராங் அங்கே அப்படி வாசித்தவர். ஹார்லெமின் லிங்கன் தியேட்டரில் படத்துக்கு ஆர்கன் வாசித்தவர் ஃபேட்ஸ் வாலர். அவர் காலடியில் உட்கார்ந்து ஆர்கன் கற்றவர் கவுண்ட் பேஸி. 1927 அக்டோபரில் ‘தி ஜாஸ் சிங்கர்’ வந்தது. பேரில் ஜாஸ் இருக்கிறது, படத்தில் ஜாஸ் என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு. முகத்தில் கரி பூசிக்கொண்டு பாடும் ஆல் ஜால்சன் இருக்கிறார். அந்தப் படத்தின் வெற்றியோடு பேசும் படம் பரவியது. தியேட்டர் தோறும் வாசித்துச் சம்பாதித்த ஆயிரக்கணக்கான இசைக்கலைஞர்கள் சில ஆண்டுகளில் வேலை இழந்தார்கள்.

அந்தக் காயம் ஆறவே இல்லை. பிறகு ரெக்கார்டு வைத்த ஜூக்பாக்ஸ்களும் ரேடியோவும் சேர்ந்து வேலையைப் பறித்தன. இசைக்கலைஞர் சங்கத் தலைவர் ஜேம்ஸ் பெட்ரில்லோ 1942 ஆகஸ்ட் 1 முதல் எந்த உறுப்பினரும் ரெக்கார்டுக்கு வாசிக்கக்கூடாது என்று தடை போட்டார். விக்டரும் கொலம்பியாவும் பணிந்து ஒப்பந்தம் போட்டது 1944 நவம்பரில்தான். யுத்தத்தால் அரக்கு வரத்தும் சுருங்கியிருந்தது. புதுத் தட்டு வேண்டுமென்றால் பழைய தட்டைக் கொண்டுவா என்று கடைகளில் கேட்ட காலம்.

சங்கத்தின் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த இரண்டு ஆண்டுகளில்தான் ஜாஸ் தலைகீழாக மாறியது. 1943இல் ஏர்ல் ஹைன்ஸின் குழுவில் சார்லி பார்க்கரும் டிஸ்ஸி கில்லெஸ்பியும் ஒன்றாக உட்கார்ந்து வாசித்தார்கள். சாரா வான் பாடினார். அந்தக் குழு வாசித்த ஒரு ரெக்கார்டும் இல்லை. பிபாப் என்ற புதிய இசை பிறந்த வீட்டுக்குக் கதவு மூடியிருந்தது. சிகாகோவில் ஒரு ஹோட்டல் அறையில் பாப் ரெட்கிராஸ் என்ற நண்பர் சொந்தமாக வைத்திருந்த பதிவுக் கருவியில் பார்க்கரும் கில்லெஸ்பியும் விளையாட்டாக வாசித்த சில தட்டுகள் இருக்கின்றன. சாவித் துவாரம் வழியாகப் பார்த்த அளவுக்குத்தான் அதில் தெரிகிறது. அதற்கே நாம் அந்த நண்பருக்குக் கடன்பட்டிருக்கிறோம். யுத்தகளத்துக்கு அனுப்புவதற்காக ராணுவம் வி-டிஸ்க் என்ற பெயரில் தனியாக ரெக்கார்டு போட்டது, அதற்குச் சங்கமும் இசைந்தது. யுத்தம் முடிந்து திட்டம் மூடப்பட்டதும் அந்த மூலத் தட்டுகளை அழிக்கச் சொல்லிவிட்டார்கள். சிப்பாய்கள் பைக்குள் ஒளித்து வீட்டுக்குக் கொண்டுவந்த பிரதிகள் இல்லையென்றால் இன்று அவற்றில் பலவற்றைக் கேட்டிருக்கவே மாட்டோம்.

ரெக்கார்டு இல்லாத இடத்தில் படம் உதவுமா? உதவும். ஆனால் படம் ரெக்கார்டைவிடத் திறமையாகப் பொய் சொல்லும்.

பெஸ்ஸி ஸ்மித்தை எடுத்துக்கொள்ளுங்கள். ப்ளூஸ் பாடகிகளின் பேரரசி. அவர் ரெக்கார்டுகள் நிறைய இருக்கின்றன. அவர் நின்று பாடுவதைப் பார்க்க வேண்டுமென்றால் உலகத்தில் ஒரே ஒரு படம்தான் உண்டு, 1929இல் டட்லி மர்ஃபி எடுத்த ‘செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்’ என்ற குறும்படம். கால் மணி நேரம். கைவிடப்பட்ட பெண்ணாக, மதுக்கடையில் சாய்ந்து நின்று பாடுகிறார். கதை மட்டமானது. சூதாட்டம், அடிதடி, குடி என்று கறுப்பினத்தவரைப் பற்றி அன்றைய சினிமா வைத்திருந்த அத்தனை வார்ப்புகளும் அதில் உண்டு. அவற்றையெல்லாம் மீறி அந்த உடம்பிலிருந்து குரல் கிளம்புகிற விதத்தைப் பார்த்தபிறகு, அவருடைய ரெக்கார்டுகளை நான் கேட்கும் விதமே மாறிவிட்டது. தோளும் கழுத்தும் அசையாமல், எங்கோ ஆழத்திலிருந்து வருகிறது அந்தக் குரல்.

ஆம்ஸ்ட்ராங்கின் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1932இல் அமெரிக்காவில் எடுத்த ‘எ ராப்சடி இன் பிளாக் அண்ட் ப்ளூ’. சோப்பு நுரைக்கு நடுவே சிறுத்தைத் தோலைப் போர்த்தி அவரைக் காட்டுமிராண்டி வேடத்தில் நிற்கவைத்திருக்கிறார்கள். அடுத்த ஆண்டு அவர் ஐரோப்பா போனார். கோபன்ஹேகனில் ஒரு டேனிஷ் படத்துக்காக அவரையும் அவர் குழுவையும் படம் பிடித்தார்கள். கோட்டு சூட்டில், கைக்குட்டையைப் பிடித்துக்கொண்டு, குழுவை நடத்திக்கொண்டு மேடையெங்கும் திரிகிறார், பாடுகிறார், டிரம்பெட்டைத் தூக்கி ஊதுகிறார். ஒரே மனிதர், ஓராண்டு இடைவெளி. ஆனால் சிறுத்தைத் தோலிலும் அவர் ஊதும்போது அந்தத் தோல் நம் கண்ணில் படுவதில்லை. அவமானத்தைக் கொடுத்தவர்களின் படத்திலேயே அவர் தன் இசையை ஒரு மாற்றுக்கூடக் குறைக்கவில்லை. அதைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு அடைக்கும்.

ஹாலிவுட் பெரிய படங்களில் கறுப்பினக் கலைஞர்களின் பாட்டுக் காட்சியைக் கதையோடு ஒட்டாமல் தனியாக எடுப்பார்கள். தென் மாநிலத் தியேட்டர்களில் கத்தரித்து எறிவதற்கு வசதி. லீனா ஹார்ன் அப்படித் தூணருகே நின்று பாடிவிட்டுப் போன படங்கள் பல. முழுக்கக் கறுப்பினக் கலைஞர்களை வைத்து 1943இல் எடுத்த ‘ஸ்டார்மி வெதர்’ படத்தில் ஃபேட்ஸ் வாலரைப் பார்க்கலாம். அந்த டிசம்பரிலேயே ரயில் பயணத்தில் அவர் இறந்துபோனார். 1947இல் ‘நியூ ஆர்லியன்ஸ்’ என்ற படத்தில் பில்லி ஹாலிடேக்குக் கிடைத்த வேடம் வேலைக்காரி. அவர் நடித்த ஒரே முழுநீளப் படம் அது.

நாற்பதுகளில் ‘சவுண்டீஸ்’ என்று மூன்று நிமிடப் படங்கள் வந்தன. மதுக்கடைகளிலும் ஹோட்டல்களிலும் ஓர் ஆள் உயரப் பெட்டி இருக்கும். பத்து சென்ட் போட்டால் ஒரு பாட்டுப் படம் ஓடும். வேண்டியதைத் தேர்ந்தெடுக்க முடியாது, சுருளில் அடுத்தது எதுவோ அதுதான். பெட்டிக்குள் கண்ணாடிகளில் பட்டுப் பின்பக்கத்திலிருந்து படம் திரையில் விழுவதால், பிரதிகளையே இடவலம் மாற்றி அச்சடித்தார்கள். பிற்காலத்தில் அந்தச் சுருளைச் சாதாரண புரொஜெக்டரில் ஓட்டினால் எழுத்தெல்லாம் இடவலம் மாறித் தெரியும், பியானோவில் தாழ்ந்த சுரம் வலக்கைப் பக்கம் வரும். அதைக் கவனிக்காமல் ஒரு டிரம்மர் இடக்கைக்காரர் என்று முடிவு செய்துவிடும் ஆபத்து உண்டு.

இன்னொரு பொறி, முன்கூட்டியே பதிவு செய்த ஒலி. பெரும்பாலான படங்களில் பாட்டை ஸ்டூடியோவில் பதிவு செய்துவிட்டு, பிறகு அதை ஓடவிட்டு வாசிப்பதுபோல நடிக்கவைத்தார்கள். திரையில் டிரம்பெட்டை வைத்திருப்பவர் வேறு, நாம் கேட்கிறவர் வேறு என்பதும் நடக்கும். டிரம்மரைக் கவனித்தால் பிடிபட்டுவிடும். சிம்பலில் குச்சி படாதபோது சிம்பல் ஒலித்தால் அது நடிப்பு.

நடிப்பு என்றாலும் மகத்தான படம் உண்டு. 1944இல் வார்னர் பிரதர்ஸுக்காக க்யோன் மிலி என்ற புகைப்படக்காரர் எடுத்த ‘ஜாமின் த ப்ளூஸ்’. பத்தே நிமிடம். தொடக்கத்தில் கறுப்புப் பின்னணியில் இரண்டு வட்டங்கள், ஒன்றுக்குள் ஒன்று. என்னவென்று புரியாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். மெல்ல நிமிர்கிறது. அது ஒரு தொப்பியின் உச்சி. கீழே லெஸ்டர் யங்கின் முகம். சாக்சபோனை வாயில் வைக்கிறார், விரலிடுக்கில் சிகரெட்டிலிருந்து புகை நெளிந்து ஏறுகிறது. கதை கிடையாது, வேலைக்காரி கிடையாது, சிறுத்தைத் தோல் கிடையாது. வாசிப்பவர்கள் வாசிக்கிறார்கள், அதை ஒரு கலைஞனின் கண் பார்க்கிறது. ஹாலிவுட்டிலிருந்து அப்படி ஒரு படம் வந்ததே பெரிது. அங்கும் ஒரு குறை. குழுவில் கித்தார் வாசித்த பார்னி கெஸல் மட்டும் வெள்ளைக்காரர். இரண்டு நிறத்தவரும் ஒன்றாக உட்கார்ந்து வாசிப்பதைக் காட்டக்கூடாது என்று அவரை நிழலிலேயே வைத்தார்கள். அவர் கையில் பழச்சாறு பூசிக் கறுப்பாக்கினார்கள் என்றும் சொல்வார்கள். படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் இருட்டில் உட்கார்ந்திருப்பவர் தெரிவார். படத்தை எடுத்த அதே ஆண்டில் லெஸ்டர் யங்கை ராணுவத்தில் சேர்த்தார்கள். அங்கே ராணுவ நீதிமன்றம், பிறகு சிறை. வெளியே வந்தவர் பழைய லெஸ்டர் இல்லை என்பார்கள். நான் அதை முழுமையாக ஏற்கவில்லை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

சார்லி பார்க்கர் வாசிக்கும்போதே ஒலியோடு பிடித்த படம் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது. 1952 பிப்ரவரியில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி, பக்கத்தில் கில்லெஸ்பி. அந்த வேகமான இசைக்கு அவர் உடம்பு ஆடும் என்று நினைத்தால், சிலைபோல நிற்கிறார். விரல்கள் மட்டும் ஓடுகின்றன, அதுவும் சாவிகளைவிட்டு எழும்பாமல். பத்து ரெக்கார்டு கேட்டாலும் இந்த அமைதி நமக்குத் தெரியவந்திருக்காது. இத்தகைய படங்களைக் குப்பைக்குப் போகாமல் காத்தவர்களில் எர்னி ஸ்மித் என்பவரைச் சொல்ல வேண்டும். விளம்பரத் துறையில் வேலை பார்த்துக்கொண்டே ஜாஸ் படச் சுருள்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். அவர் தொகுப்பு இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சேர்த்ததைத் திறந்துவைப்பது முக்கியம். பில் சேவரி என்ற ஒலிப்பொறியாளர் முப்பதுகளின் பிற்பகுதியில் ரேடியோ ஒலிபரப்புகளைப் பெரிய தட்டுகளில் பதிவு செய்து வைத்தார். மூன்று நிமிடக் கட்டுப்பாடு இல்லாத பதிவுகள். சாக்சபோன்காரர் கோல்மன் ஹாக்கின்ஸ் ‘பாடி அண்ட் சோல்’ மெட்டை ரெக்கார்டில் மூன்று நிமிடத்தில் முடித்தாரே, அதையே மேடையில் எவ்வளவு தூரம் கொண்டுபோனார் என்பதை இந்தத் தொகுப்பில்தான் கேட்கிறோம். ஆனால் சேவரி உயிரோடு இருந்தவரை அந்தத் தட்டுகளை மற்றவர்களுக்குத் திறக்கவில்லை. 2004இல் அவர் இறந்தார், 2010இல் ஹார்லெமின் தேசிய ஜாஸ் அருங்காட்சியகம் வாங்கியது. அதற்குள் சில தட்டுகள் சிதைந்துவிட்டன. அவர் செய்த பதிவுக்கு நன்றி சொல்லும் அதே வாயால், அந்தப் பூட்டுக்காக வருத்தப்படவும் வேண்டியிருக்கிறது.

அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் நடந்தது வேறு கதை. 2005இல் லாரி ஆப்பல்பாம் என்ற நூலக ஊழியர் பழைய ஒலிநாடாக்களை டிஜிட்டலாக்க எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். 1957 கார்னெகி ஹால் என்று எழுதிய பெட்டிகள். ஒன்றில் ‘டி. மாங்க்’ என்று கையால் எழுதிய சிறு குறிப்பு. ஓடவிட்டால் தெலோனியஸ் மாங்க் பியானோ, ஜான் கோல்ட்ரேன் சாக்சபோன். ஓரிரு பதிவுகளைத் தவிர எதுவும் மிஞ்சவில்லை என்று எல்லோரும் வருந்திக்கொண்டிருந்த கூட்டணி. நாற்பத்தெட்டு ஆண்டுகள் அலமாரியில் இருந்திருக்கிறது. யாரோ ஒருவர் அந்தப் பெயரைப் பெட்டியில் எழுதி வைத்ததற்கு நான் மனதார நன்றி சொல்கிறேன்.

இப்போது ‘ஃபைன் அண்ட் மெல்லோ’. 1957 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். சிபிஎஸ் தொலைக்காட்சியில் ‘தி சவுண்ட் ஆஃப் ஜாஸ்’ என்ற நேரடி நிகழ்ச்சி. யாரை வாசிக்கவைப்பது என்று முடிவு செய்தவர்கள் நாட் ஹெண்டாஃப், விட்னி பாலியட் என்ற இரண்டு விமர்சகர்கள். அலங்கார மேடை கிடையாது. வெறும் ஸ்டூடியோ, கேமராக்கள்கூடத் தெரிகின்றன. தொப்பி போட்டவர் தொப்பியோடு வாசிக்கிறார். பில்லி ஹாலிடே உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து பாடுகிறார், சுற்றிலும் சாக்சபோன்காரர்கள். லெஸ்டர் யங் உடல் நலிந்து வந்திருந்தார். நிகழ்ச்சியின் வேறு பகுதியில் அவர் வாசிக்க வேண்டியதை மற்றவர்களிடம் கொடுத்துவிட்டார்கள். தம் முறை வரும்போது உட்கார்ந்தே வாசிக்கலாம் என்று அவரிடம் சொல்லியிருந்ததாக ஹெண்டாஃப் எழுதியிருக்கிறார். முறை வந்தது. எழுந்து நின்றார். பன்னிரண்டு தாள அளவுகள் கொண்ட ஒரே சுற்று. அதில் அவர் வாசித்த சுரங்களை எண்ணிவிடலாம், அவ்வளவு குறைவு. கேமரா பில்லி ஹாலிடேயின் பக்கம் திரும்புகிறது. தலையை லேசாக ஆட்டுகிறார், உதட்டைக் கடிக்கிறார், புன்னகைக்கிறார். ‘லேடி டே’ என்று பில்லிக்குப் பெயர் வைத்தவர் லெஸ்டர், அவருக்கு ‘ப்ரெஸ்’ என்று பெயர் வைத்தவர் பில்லி. 1959 மார்ச்சில் லெஸ்டர் இறந்தார், ஜூலையில் பில்லி.

இதற்கு மூன்று நாள் முன்னால் இதே கலைஞர்களில் பலரை வைத்துக் கொலம்பியா ஸ்டூடியோவில் ஒரு பதிவு நடந்தது. ‘தி சவுண்ட் ஆஃப் ஜாஸ்’ என்ற பெயரில் எல்பியாக வந்தது அதுதான். உறையைப் பார்த்து நிகழ்ச்சியின் ஒலி என்று நினைத்து வாங்கியவர்கள் நிறையப் பேர். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். எல்பியில் லெஸ்டர் வாசித்த சுற்று வேறு, நிகழ்ச்சியில் வாசித்த சுற்று வேறு. மூன்று நாளில் அவர் புதிதாக யோசித்திருக்கிறார். ராணுவச் சிறைக்குப் பிறகு அந்த மனிதரிடம் சொல்ல எதுவும் மிச்சமில்லை என்பவர்களுக்கு இந்த இரண்டு சுற்றுகளைத்தான் என் பதிலாக வைப்பேன். மூச்சு குறைந்திருக்கிறது, விரலின் வேகம் போயிருக்கிறது. எதைச் சொல்லாமல் விடலாம் என்று அவருக்குத் தெரிந்திருந்த அளவுக்கு இளவயது லெஸ்டருக்குத் தெரியாது.

இனி அந்தப் பாட்டையே கேட்போம். முதலில் கேப்ளரின் 1939 ரெக்கார்டைப் போடுகிறோம், அடுத்து எல்பி, அதற்குப் பிறகு திரையில் நிகழ்ச்சி. படத்தில் அந்தப் பாட்டு சுமார் எட்டு நிமிடம் ஓடும். உங்கள் கையில் கொடுத்திருக்கும் தாளில் தனியாக வாசிப்பவர்களின் பெயர் வரிசையாக இருக்கிறது: பென் வெப்ஸ்டர், லெஸ்டர் யங், டிராம்போனில் விக் டிக்கன்சன், ஜெரி மல்லிகன், கோல்மன் ஹாக்கின்ஸ், டிரம்பெட்டில் ராய் எல்ட்ரிட்ஜ். பாடும்போது பின்னால் மெதுவாக டிரம்பெட் வாசிப்பவர் டாக் சீத்தம். பியானோ மால் வால்ட்ரன், கித்தார் டேனி பார்க்கர், பாஸ் மில்ட் ஹிண்டன், டிரம்ஸ் ஓஸி ஜான்சன்.